அடைப்பு எங்க இருக்கு?

எங்க வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆக 4 நிமிஷம் 40 விநாடி ஆகும். சும்மா அடிச்சு விடலை, மொபைல்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தது. பவர் பட்டனை அமுக்கிட்டு, கீழே போய் மோட்டார் போட்டுட்டு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு மேலே வந்தா, அப்பவும் அந்த நீல வட்டம் சுத்திக்கிட்டுதான் இருக்கும். அதுக்கப்புறம் பிரவுசர் திறக்க ஒரு நிமிஷம். வேர்ட் திறக்க இன்னொரு நிமிஷம். ரெண்டையும் சேர்த்துத் திறந்தா, எதுக்கும் உத்தரவாதம் கிடையாது.

போன மே மாசம், மூணாவது வருஷம் ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி. 38 பக்கம். படங்களை எல்லாம் சேர்த்து பிடிஎஃப் ஆக மாத்தும்போது திரை அப்படியே உறைஞ்சுபோச்சு. ஒன்பதே முக்காலுக்கு உறைஞ்சது, பத்தேகால் வரைக்கும் அசையலை. பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டு, மறுபடி ஆன் பண்ணி, போன பாதியைத் திரும்ப அடிச்சு முடிக்கும்போது மணி மூணு. அந்தக் கோபத்தில் வீட்டில் அறிவிச்சேன்: "இதைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு லேப்டாப் வாங்கப் போறேன்."

நான் மெக்கானிக்கல். வீடு காலடிப்பேட்டை பக்கம். எண்ணூர் ஹைரோட்டில் ராத்திரி பகல்னு இல்லாம கன்டெய்னர் லாரி போகும். ஒரு பக்கம் அந்தப் புழுதி, இன்னொரு பக்கம் கடல் காத்து. ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தடவை உரிஞ்சு விழும். இதை ஏன் சொல்றேன்னு கொஞ்ச நேரத்தில் புரியும்.

அந்த கம்ப்யூட்டரோட கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 2013-ல் அக்கா பி.காம் சேர்ந்தப்ப, அப்பா சீட்டுப் பணம் எடுத்து ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணி வாங்கினது. மூணாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பதினெட்டரை இன்ச் மானிட்டர். எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். வந்தப்ப விண்டோஸ் 7. 2016-ல் இலவசமா தர்றாங்கன்னு அக்கா விண்டோஸ் 10-க்கு மாத்தினா. 2020-ல் கொரோனா வந்தப்ப, பரீட்சையே எழுதாம பத்தாவது பாஸ் ஆன அந்த ஆல் பாஸ் செட்டில் நானும் ஒருத்தன். அதுக்கப்புறம் நடந்த ஆன்லைன் வகுப்பு எல்லாம் இதில்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நாங்க கீழ் போர்ஷனில் இருந்தோம். முழங்கால் அளவு தண்ணி உள்ளே வந்துடுச்சு. அப்பா முதல்ல பரண்ல ஏத்தினது சர்டிஃபிகேட் இருக்கிற பையை. ரெண்டாவது இந்த சிபியுவை. மூணாவதுதான் கேஸ் சிலிண்டர். எங்களுக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரம் பக்கம் அந்த வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்து, சுவர்ல கறுப்புக் கோடு போட்டுட்டுப் போன கதை உங்களுக்கே தெரியும். அதோட பார்த்தா எங்க வீடு தப்பிச்சதுன்னுதான் சொல்லணும்.

இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கினது. என் பெரியப்பா பையனுக்குக் கிடைச்சுது, எங்க செட்டுக்கு வரலை. 2025 மார்ச் பட்ஜெட்டில், ரெண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் இல்லன்னா டேப்லெட் தர்றதா அறிவிப்பு வந்தது. "மச்சி, வெயிட் பண்ணு, ஃப்ரீயா வரும்" என்றான் பெஞ்ச்மேட். வரும்போது வரட்டும். ஆனா நாளைக்கு சப்மிஷன் இருக்கிறவன் அறிவிப்பை வச்சு டைப் பண்ண முடியாது.

அதனால நானே ஒண்ணைப் பார்த்து வச்சேன். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை 54,000. பன்னிரண்டு மாசத் தவணை, மாசம் 4,500. கேட்க வட்டியில்லாத கடன் மாதிரிதான் இருந்தது. அப்பா காசிமேட்டில் போட்டு இன்ஜின் வேலை பார்க்கிற ஒரு பட்டறையில் மெக்கானிக். வேலை இருக்கிற மாசம் இருபதாயிரத்தைத் தொடும், இல்லாத மாசம் பதினாலுக்கே இழுக்கும். 4,500 என்பது என்னன்னு எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிஞ்சும்தான் கேட்டேன். "வேலைக்குப் போனதும் திருப்பிக் கொடுத்துடறேன்" என்ற, எல்லாப் பிள்ளைகளும் சொல்ற அந்த வசனத்தோடு.

காயலான் கடைக்காரரையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அவர் சிபியுவை ஒரு கையால தூக்கிப் பார்த்து, மானிட்டரைத் தட்டிப் பார்த்து, "ரெண்டும் சேர்த்து நானூறு" என்றார்.

அப்ப அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"டேய், அப்ப சனிக்கிழமை கணக்கு?"

"அதெல்லாம் போன்ல போட்டுக்கலாம்மா."

அம்மா ஒண்ணும் சொல்லலை. உள்ளே போயிட்டாங்க. கடைக்காரர் என் மூஞ்சியைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேண்ணா" என்று அனுப்பி வச்சேன்.

அம்மா எங்க தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதறவங்க. பதினாலு பேர். சனிக்கிழமை சாயங்காலம் கூடுவாங்க. யார் எவ்வளவு சேமிப்பு கட்டினாங்க, யாருக்கு உள்கடன், யார் தவணை பாக்கி, எல்லாம் நோட்டில் எழுதி, அப்புறம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏத்துவாங்க. 2019-ல் அக்கா கல்யாணமாகி கும்மிடிப்பூண்டி போறதுக்கு முன்னாடி, ஒரு மாசம் உட்கார வச்சு எக்செல் சொல்லிக் கொடுத்துட்டுப் போனா. எட்டாவது வரைக்கும் படிச்ச அம்மா, கூட்டல் போட 'சம்' எழுதக் கத்துக்கிட்டது அப்பதான். எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனா இத்தனை வருஷமா அதை 'என் கம்ப்யூட்டர், அம்மாவும் எப்பவாவது தொடுவாங்க' என்றுதான் நினைச்சிருந்தேன். லேப்டாப் வாங்கினா அது என் பையில் காலேஜுக்கு வரும். பிளஸ் டூ போகப்போற தங்கச்சிக்கும் சனிக்கிழமை அம்மாவுக்கும் வீட்டில் என்ன மிஞ்சும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

சரி, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இருக்கிறதை ஒரு தடவை பார்ப்போம்னு ஆரம்பிச்சேன். பார்க்கிறதுன்னா என்ன, யூடியூப்தான். 'பழைய கம்ப்யூட்டரை ராக்கெட் ஆக்குங்க' என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டு, ராம்தான் பிரச்சினைன்னு முடிவு பண்ணேன். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினா அரசினர் தோட்டம் வரைக்கும் மாறாமப் போகலாம், அங்கிருந்து நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். 8 ஜிபி ராம் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். போர்டில் வச்சு அழுத்தறேன், உட்காரவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா போர்டே போயிருக்கும். எங்க போர்டு டிடிஆர்3, நான் வாங்கினது டிடிஆர்4. முன்னதுக்கு 240 பின், பின்னதுக்கு 288. நடுவில் இருக்கிற வெட்டும் வேற இடத்தில். தப்பா போட்டுடக் கூடாதுன்னே அப்படிச் செஞ்சிருக்காங்க. மூணு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறவன், என்ன போர்டுன்னு கூடப் பார்க்காமக் கடைக்குப் போயிருக்கேன். திங்கட்கிழமை திரும்பப் போனேன். கடைக்காரர் திட்டிக்கிட்டே நூறு ரூபாய் பிடிச்சுக்கிட்டு, 650 ரூபாய்க்கு 4 ஜிபி டிடிஆர்3 கொடுத்தார்.

போட்டாச்சு. மொத்தம் 8 ஜிபி. ஸ்டாப்வாட்ச் வச்சேன். 4 நிமிஷம் 25 விநாடி. பதினைஞ்சு விநாடிதான் லாபம்.

அது தடைக்கால சமயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. போட்டுக்காரங்களுக்கு அது லீவு, எங்க அப்பாவுக்கு சீசன். எல்லாப் போட்டும் அப்பதான் இன்ஜினைத் திறக்கும். ராத்திரி பத்து மணிக்கு முன்னாடி அவர் வீட்டுக்கு வர்றதில்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தவர், நான் சிபியுவை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டு எழுந்து வந்தார்.

"இன்னாடா பிரச்சன அதுக்கு?"

"ஸ்லோப்பா."

"ஸ்லோன்னா? எங்க ஸ்லோ?"

எனக்குப் பதில் தெரியலை. ஸ்லோன்னா ஸ்லோதானே.

அப்பா தரையில் உட்கார்ந்தார். "போட்டு இழுக்கலன்னு ஒருத்தன் வருவான். கரும்புகையா கக்கும். இன்ஜின மாத்தணுமாண்ணேன்னு கேப்பான். நான் மொதல்ல ஏர் ஃபில்டரப் பாப்பேன். அப்பால டீசல் ஃபில்டரு, இன்ஜெக்டரு. சூடாவுதுன்னா தண்ணி போற வழில உப்பு அடச்சிகினு கீதான்னு பாப்பேன். எல்லாம் பாத்துட்டு, கம்ப்ரஷன் போயிருந்தாத்தான் இன்ஜினப் பத்திப் பேச்சு. வந்ததும் மாத்துன்னு சொல்றவன் மெக்கானிக் இல்ல, யாவாரி. அடைப்பு எங்க இருக்குன்னு சொல்லு மொதல்ல."

டீசல் இன்ஜினில் கரும்புகைன்னா எரிபொருளுக்கு ஏத்த காத்து போகலைன்னு நாலாவது செமஸ்டர்ல ஆறு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கேன். வீட்டு கம்ப்யூட்டருக்கு அதே மாதிரி யோசிக்கணும்னு தோணவே இல்லை.

பக்கவாட்டு மூடியைக் கழட்டினோம். உள்ளே பார்த்ததும் அப்பா சிரிச்சுட்டார். ப்ராசஸர் மேலே இருக்கிற ஃபேனைச் சுத்தி சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு அடுக்கு. சாதாரண தூசின்னா ஊதினா பறக்கும். இது எங்க ஊர்த் தூசி. கடல் காத்தில் இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், லாரிப் புழுதி அதில் ஒட்டி அடை மாதிரி இறுகிப் போயிருந்தது. அப்பா பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து வந்தார். ஃபேன் சுத்தாதபடி ஒரு விரலால் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஒவ்வொரு தகடா சுரண்டி எடுத்தார். முறத்தில் ஒரு பிடி தூசி சேர்ந்தது.

வெப்பம் காட்டற ஒரு இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். முந்தின நாள் வேலை கொடுத்தப்ப 95 டிகிரியைத் தாண்டினது, இப்ப 74. சூடு எல்லையை நெருங்கினா ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். மத்தியானத்தில் ஸ்லோ, ராத்திரி கொஞ்சம் பரவாயில்லைன்னு தங்கச்சி அடிக்கடி சொல்வா. நான் கிண்டல் பண்ணியிருக்கேன். அவ சரியாத்தான் சொல்லியிருக்கா.

இன்னொரு அடைப்பும் அன்னைக்கே கண்டுபிடிச்சோம். கரண்ட் போய் வந்தா கம்ப்யூட்டர்ல தேதி 2012 ஜனவரி 1 ஆயிடும். உடனே எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை'ன்னு எச்சரிக்கை வரும். வைரஸ்னு நினைச்சிருந்தேன். வெப்சைட்டுகளோட பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைன்னு காலக்கெடு உண்டு. கம்ப்யூட்டர் தன்னை 2012-ல் இருக்கிறதா நினைச்சா, எல்லாச் சான்றிதழும் அதுக்குப் பொய்யாத்தான் தெரியும். போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். விலை முப்பது ரூபாய்.

ஆனா ஆன் ஆகிற நேரம் இன்னும் நாலு நிமிஷத்துக்குக் கீழே வரலை. இப்ப அப்பா கேட்ட கேள்வியை நானே கேட்டேன். எங்க ஸ்லோ? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ப்ராசஸர் 12 சதவீதம். ராம் பாதிகூட நிறையலை. டிஸ்க் 100 சதவீதம். பத்து நிமிஷம் பார்த்தேன், 100-லிருந்து இறங்கவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தா காரணம் புரியும். ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துது. ஒரு சுத்துக்கு 8.3 மில்லி விநாடி. வேணுங்கிற இடம் தலைக்குக் கீழே வர சராசரியா அரைச் சுத்து, அதாவது 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேலே. தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்க ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய 13 மில்லி விநாடி. விநாடிக்கு எழுபது, எண்பதுக்கு மேலே முடியாது. விண்டோஸ் ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கில் கேட்கும். எஸ்எஸ்டியில் சுத்தற தட்டும் இல்லை, நகர்ற தலையும் இல்லை. அதே வேலையை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். அப்ப நான் ராம் வாங்கினது, டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும்போது டேங்கைப் பெரிசு பண்ண மாதிரி.

டிஸ்க் மேலே சந்தேகம் வந்ததும் அதோட ஆரோக்கியத்தைப் பார்க்கலாம்னு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கிட்டு மாத்து இடத்துக்குப் போன எண்ணிக்கை பூஜ்யமா இருக்கணும். எங்களுதில் அப்படி இல்லை. வெறும் வேகக் குறைவு இல்லை, டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கு.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, குழு கணக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"நோட்டுல இருக்குடா."

"எல்லா வருஷமுமா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. "வெள்ளத்துல நனைஞ்சது போக மீதிதான்."

2023 வரைக்கும் எழுதின நோட்டுகள் கீழ் அலமாரியில் இருந்திருக்கு. சர்டிஃபிகேட்டை, சிபியுவை, சிலிண்டரை எல்லாம் பரண்ல ஏத்தின நாங்க யாரும் அந்த நோட்டுகளை நினைக்கலை. மை கரைஞ்சு, பக்கம் ஒட்டிப் போச்சு. அப்ப 2019-லிருந்து 2023 வரைக்கும் பதினாலு பேரோட கணக்கு இருக்கிறது, செத்துக்கிட்டு இருக்கிற இந்த ஒரே டிஸ்கில். நான் நானூறு ரூபாய்க்கு எடை போட்டதும் இதையேதான். அன்னைக்கு அம்மா ஒண்ணும் சொல்லாம உள்ளே போனது ஏன்னு அப்பதான் உறைச்சுது.

உடனே பென்டிரைவைச் சொருகினேன். என் சினிமாவும் பாட்டும் கேமும் இருக்கட்டும், முதல்ல 'குழு' ஃபோல்டர். மொத்தமே 9 எம்பி. பதினொரு ஃபைல். ஒன்பது உடனே வந்துடுச்சு. 2021-ம் 2022-ம் பாதியில் நின்னு பிழை காட்டிச்சு. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, அரை மணி நேரம் ஆற விட்டு, மறுபடி முயற்சி பண்ணேன். 2022 வந்தது. 2021 மூணாவது தடவைதான் வந்தது. திறந்து பார்த்தோம். அம்மா விரலால் திரையில் ஒவ்வொரு பேரா தொட்டு, கீழே மொத்தம் வரைக்கும் சரிபார்த்தாங்க. "இந்தக்கா செத்துப்போச்சு, பாவம். இது பொண்ணு காலேஜுக்குக் கட்ட வாங்கின கடன். இது முடிஞ்சிடுச்சு." எனக்கு அது வெறும் வரிசை. அம்மாவுக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு.

அதுக்கப்புறம் முடிவு எடுக்கிறது சுலபமாயிடுச்சு. முன்னாடி என் கேள்வி 'எனக்கு எது வேணும்?' என்பதா இருந்தது. இப்ப அது ரெண்டு கேள்வியா பிரிஞ்சுது. வீட்டுக்கு என்ன வேணும்? எனக்கு என்ன வேணும்?

மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். இந்தத் தடவை போர்டு மாடலை ஃபோட்டோ எடுத்துட்டுப் போனேன். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி கேட்டேன். "உன் போர்டு பழசு தம்பி, பாதி வேகம்தான் கிடைக்கும்" என்றார் கடைக்காரர். உண்மைதான். எங்க போர்டில் இருக்கிறது 3 ஜிகாபிட் சாட்டா, எஸ்எஸ்டியோ 6 ஜிகாபிட்டுக்குச் செஞ்சது. ஆனா பெரிய சினிமா காப்பி பண்ணும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும். எனக்குத் தேவை அந்த 13 மில்லி விநாடிக் காத்திருப்பு போகணும், அவ்வளவுதான். அது பழைய போர்டிலும் போகும்.

கம்பெனிகள் கழிச்சுக் கட்டின செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பும் அங்கே வரிசையா இருந்தது. எட்டாம் தலைமுறை ஐ5 ஒண்ணு 19,000 சொன்னார். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், அதனாலதான் அந்த விலை. ஆசையாத்தான் இருந்தது. விலையை எழுதி வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

மொத்தச் செலவு இதுதான்: ராம் 650, அதை மாத்தின தண்டம் 100, எஸ்எஸ்டி 1,850, பழைய டிஸ்கை வெளியே இணைக்கிற யுஎஸ்பி கனெக்டர் 350, தெர்மல் பேஸ்ட் 120, சாட்டா கேபிள் 80, பட்டன் பேட்டரி 30. கூட்டினா 3,180 ரூபாய். ஒரு மாசத் தவணையைவிடக் குறைவு.

அடுத்த கேள்வி விண்டோஸ். எங்க ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடியும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்ப அதுக்கு அஞ்சு மாசம்தான் இருந்தது. அதனால புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, 4 ஜிபி ராமே போதும், இலவசம். நம்ம ஊருக்கு லினக்ஸ் புதுசும் இல்லை. பெரியப்பா பையனோட இலவச லேப்டாப்பில் விண்டோஸோட சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக்கில் உருவானது. அவன் ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை என்பது வேற விஷயம்.

அம்மா என்ன சொல்வாங்களோன்னு பயந்தேன். எக்செலுக்குப் பதிலா லிப்ரே ஆபீஸ் கால்க். மெனுவைத் தமிழ்ல மாத்திக் கொடுத்தேன். அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "இங்கிலீஷ்லயே வைடா, எனக்கு இடம் பழகிடுச்சு" என்றாங்க. 'சம்' அங்கேயும் 'சம்'தான். அதோட அவங்க கவலை முடிஞ்சது. தங்கச்சிக்கு மட்டும் கேம் போச்சுன்னு ரெண்டு நாள் கோபம்.

ஸ்டாப்வாட்ச்: 41 விநாடி. தங்கச்சி நம்பாம மறுபடி ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னா. 39.

இப்ப உண்மையையும் சொல்லிடணும், இல்லன்னா இதுவும் அந்த ராக்கெட் வீடியோ மாதிரி ஆயிடும். என் பிரச்சினை முழுசா தீரலை. சாலிட்வொர்க்ஸ் இதில் ஓடாது. லினக்ஸில் ஏறாது, விண்டோஸ் போட்டாலும் இந்தப் பழைய ப்ராசஸர் தாங்காது. டிசைன் வேலைக்கு காலேஜ் லேபில் சாயங்காலம் ஆறு வரைக்கும் உட்கார்ந்துட்டு வர்றேன். வீட்டில் ரிப்போர்ட், பைத்தான், படிக்கிறது. கரண்ட் செலவும் லேப்டாப்பைவிட அதிகம். மானிட்டரோட சேர்த்து 100 வாட்னு வச்சா, தினம் நாலு மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்தில் 24 யூனிட். லேப்டாப்னா ஏழெட்டு யூனிட்தான். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற கணக்கில் வாழற வீட்டுக்கு இதுவும் ஒரு கணக்கு. கரண்ட் போனா ஆஃப் ஆகும், அதுவும் உண்டு. ப்ராசஸர் எப்பவும் 100 சதவீதத்தில் நின்னாலோ, போர்டே போனாலோ, உங்க படிப்புக்கு வேணுங்கிற மென்பொருள் ஏறவே ஏறாதுன்னாலோ, தயங்காம மாத்துங்க. கம்ப்ரஷன் போன இன்ஜினுக்கு ஃபில்டர் மாத்தி என்ன பண்றது? ஆனா அதைப் பார்த்துட்டு மாத்துங்க.

நீங்க இப்ப இந்த யோசனையில் இருந்தா, நான் பின்னாடி செஞ்சதை முன்னாடியே செஞ்சிடுங்க. முதல் வேலை, முக்கியமான ஃபைலை வேற இடத்தில் காப்பி எடுக்கிறது. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் எது 100-ஐத் தொடுதுன்னு பாருங்க. டிஸ்கோட ஆரோக்கியம் பாருங்க. மூடியைத் திறந்து தூசி பாருங்க, நம்ம ஏரியாவில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது. போர்டு மாடல் தெரியாமக் கடைக்குப் போகாதீங்க. அதோட, வீட்டில் அதை வேற யார், எதுக்குப் பயன்படுத்தறாங்கன்னு கேளுங்க. எந்த மென்பொருளும் அதைக் காட்டாது.

அப்பா தவணைக்கு ஒத்துக்கத் தயாராத்தான் இருந்திருக்கார். பட்டறையில் அட்வான்ஸ் கேட்டு வச்சிருந்தார்னு பின்னாடி அம்மா சொன்னாங்க. அந்தப் பணம் தங்கச்சி டியூஷனுக்குப் போச்சு. டிசம்பர் இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபண்ட் வந்தா, அந்த 19,000 ரூபாய் லேப்டாப் மாதிரி ஒண்ணை நானே வாங்கலாம்னு இருக்கேன். அது என் பையில் போகும். இது வீட்டில் இருக்கும்.

பழைய ஹார்டு டிஸ்கை இன்னும் தூக்கிப் போடலை. காயலான் கடைக்காரர் போன வாரம் தெருவில் பார்த்துட்டு, "இன்னா தம்பி, நாளைக்குச் சொல்றேன்னு போனியே?" என்று கேட்டார். சிரிச்சுட்டு வந்துட்டேன்.

இந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்கு வரும்போது ராத்திரி எட்டரை. அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கிட்டு, நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒரே விரலால் எண்களை அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. முடிச்சுட்டு, மேஜை டிராயரைத் திறந்து பென்டிரைவை எடுத்து அவங்களே சொருகினாங்க.

"ரெண்டுலயும் போட்டுட்டேன்டா" என்றாங்க. "நீ உக்காரு."